செத்த பிள்ளைக்கு நிவாரணம் உண்டு. உயிரோடிருக்கும் பிள்ளைக்கு நீச்சல் குளம் இல்லையா?

ஓசூர் வட்டாரத்தில் ஒரு கல் குவாரி. ஊர்ப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் எந்த ஊரின் பெயரை எழுதினாலும் இந்தக் கதை பொருந்தும். கருங்கல்லை வெட்டி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனவர்கள், குழியை மட்டும் ஊருக்கு விட்டுவிட்டுப் போனார்கள். குழிக்கு வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. மழைத் தண்ணீர் பச்சைப் பசேலென்று நிற்கிறது. எவ்வளவு ஆழம் என்பது வெட்டியவனுக்கே வெளிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பையன்கள் அதில் இறங்கினார்கள். ஒருவன்தான் வீடு திரும்பினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புப் படையினர் உடலை எடுத்துக் கரையில் கிடத்தியிருந்தார்கள். தகப்பனார் காண்ட்ராக்ட் தொழிலாளி. ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து படுத்தவர், தூக்கம் கலையாத கண்ணோடு ஓடி வந்திருந்தார். தாய் ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போனவர். கையில் முள் கீறிய காயத்தோடு நின்றார். “தண்ணியில கால் வைக்காதேன்னு தினம் தினம் சொல்லுவேன் அண்ணா! இந்த வெயிலுக்கு அவன் எங்கேதான் போவான்?” என்று அந்த அம்மாள் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் மட்டும் பதில் சொன்னார்: “விதி அம்மா, விதி!”

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். நிவாரணத்துக்கு என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று பட்டியல் சொன்னார்கள். நிவாரணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். பிள்ளை செத்த பிறகு திறக்கிற பெட்டி, அவன் உயிரோடு இருந்தபோது ஏன் திறக்கவில்லை? பிணத்துக்குக் கொடுக்கப் பணம் உண்டு; பிள்ளைக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கப் பணம் இல்லையா?

ஓசூரில் உழைப்பாளி மக்களுக்குப் பொது நீச்சல் குளம் வேண்டும். உழைப்பவர்கள் குடியிருக்கும் பகுதியில், நடந்து போகும் தூரத்தில், சர்க்கார் பணத்தில் கட்டி, சர்க்கார் பொறுப்பில் நடக்கிற குளம் வேண்டும். இதைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு, கீழே நாம் வைக்கும் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

விதியா, வர்க்கமா?

2022ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 38,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறந்தார்கள். இது நாம் சொல்லும் கணக்கு அல்ல. மத்திய சர்க்காரின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்லும் கணக்கு. நாளொன்றுக்கு நூறு உயிருக்கு மேல்! நூறு பேர் ஒரு ரயில் விபத்தில் இறந்தால் மந்திரி ராஜினாமா செய்ய வேண்டும் என்று கூச்சல் எழுகிறது. தினமும் நூறு பேர் கிணற்றிலும் ஏரியிலும் குவாரியிலும் சாகிறார்கள். பத்திரிகையில் நாலாம் பக்கத்து மூலையில் நாலு வரி!

உலகம் முழுவதும் 2021ல் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடந்த சாவு. தண்ணீர் எல்லா நாட்டிலும் ஒரே தண்ணீர்தான். அதன் குணம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. பிறகு ஏன் ஏழை நாட்டில் மட்டும் இத்தனை சாவு? விதி என்றால் அது பணக்காரன் வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டாமா? இந்த விதிக்கு ஏழையின் விலாசம் மட்டும்தானே தெரிந்திருக்கிறது!

பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் தப்பிக்கும் முறையும் கற்றுக் கொடு, சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள இடம் ஏற்படுத்து, ஆபத்தான நீர்நிலைக்குத் தடுப்புக் கட்டு, காப்பாற்றும் முறையை ஊராருக்குப் பழக்கு என்று அதே நிறுவனம் சொல்கிறது. 2021 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபை இதற்காகவே தீர்மானம் போட்டு, ஜூலை 25ம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்தது. தீர்மானம் நியூயார்க்கில் நிறைவேறியது. குவாரிக் குழி இன்னும் நம் ஊரில் திறந்துதான் கிடக்கிறது.

நம் தகப்பன்மார் எப்படிக் கற்றார்கள்?

நம் தகப்பன்மாருக்கு நீச்சல் தெரியும். அவர்கள் எந்தப் பள்ளிக்கும் போய்ப் படிக்கவில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருந்தது; இறங்கப் படி இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அண்ணனோ மாமனோ தள்ளிவிடுவார். பத்து நாளில் பையன் மீன் குஞ்சாகிவிடுவான். பெண் பிள்ளைகளும் கற்றார்கள்.

இன்று நிலைமை என்ன? ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டு, திறந்த கிணறுகள் வற்றிப் போயின. வற்றாத கிணறு பட்டாதாரருடையது. அதில் கூலிக்காரன் மகன் இறங்கினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஏரியில் சாக்கடை.

ஆறு இருக்கிறதே என்பீர்கள். தென்பெண்ணையைப் பாருங்கள். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறமாக வந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுழைகிறது. வழியில் அந்த மாநகரத்தின் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில் கலக்கின்றன. கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் மலை மலையாக நுரை பொங்குகிறது. மேலே பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் தீப்பிடித்தே எரிந்தது. தண்ணீர் எரிகிற அதிசயத்தை எந்தப் புராணத்தில் படித்தோம்? இதற்காகக் கன்னட மக்களை நாம் திட்டப் போவதில்லை. பெல்லந்தூர்க் கரையில் குடிசை போட்டிருக்கும் கன்னடத் தொழிலாளியும் அதே நாற்றத்தைத்தான் முகர்கிறான். கழிவை விடுபவன் வேறு, அனுபவிப்பவன் வேறு. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதை, இந்தப் பக்கமும் இதே கதை!

ஆக, கற்க இடம் போய்விட்டது. சாக மட்டும் இடம் இருக்கிறது. பணமுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் நீலத் தண்ணீர்க் குளம் உண்டு. பெரிய கட்டணம் வாங்கும் பள்ளிக்கூடத்தில் குளமும் உண்டு, வாத்தியாரும் உண்டு. அந்தக் குளத்துக்குக் கல் பதித்தவன் யார்? சிமெண்டு சுமந்தவள் யார்? கட்டி முடித்த மறுநாள் முதல் அவர்களுக்கு வாசலில் காவல்காரன்! நீச்சல் என்பது ஊருக்குப் பொதுவான வித்தையாக இருந்தது. இன்று காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டது.

“குடிக்கவே தண்ணீர் இல்லை!”

முதல் ஆட்சேபணை இதுதான். “ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் குடிதண்ணீர் கொண்டுவரும் ஜில்லா இது. இங்கே நீச்சல் குளமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடத்தோடு தெருவில் நிற்கும் நம் சகோதரிகளும் இதைக் கேட்பார்கள். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளம் என்று வைத்துக்கொள்வோம். நீந்தக் கற்பவனுக்கு இது தாராளம். இதில் நிற்கும் தண்ணீர் 3,75,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 31, 32 நடை. இந்தத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு மாற்றுவதில்லை. மோட்டார் இழுத்து, மணல் வடிகட்டி வழியே விட்டு, குளோரின் கலந்து மறுபடி குளத்துக்கே அனுப்புகிறது. குறைவது வெயிலில் ஆவியாவதும், வடிகட்டியைக் கழுவுவதும், குளத்தில் இறங்கும் முன் ஆட்கள் குளிப்பதும்தான். நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் 2,000 லிட்டருக்குள் அடங்கும். கழுவுவதும் குளிப்பதும் சேர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு டேங்கர் லாரிக்கு மேல் போகாது. அதிலும் குளித்த தண்ணீரை மரத்துக்கு விடலாம். குளத்துக் கட்டிடத்தின் கூரையில் விழும் மழையைச் சேமித்துக் குளத்துக்கே விடலாம்.

ஒரு நாளைக்கு ஒரு டேங்கர்! ஓசூரில் ஆலைகளுக்கும் ஓட்டல்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தினம் எத்தனை டேங்கர் ஓடுகிறது என்று சாலையோரம் அரை மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். அப்போதெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. உழைப்பாளியின் பிள்ளை கால் நனைக்க வேண்டும் என்றதும் ஞாபகம் வந்துவிடுகிறது!

“பணத்துக்கு எங்கே போவது?”

இரண்டாவது ஆட்சேபணை. இதற்கும் பதில் சொல்வோம்.

முதலாவது, பணத்தை நாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அரை வருஷத்துக்கொரு முறை உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள் தோழர்களே! தொழில் வரி என்று ஒரு பிடித்தம் இருக்கும். அது ஸ்தல ஸ்தாபனத்துக்குப் போகிறது. வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் ஒருவரிடம் இந்த வரி வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276வது பிரிவு உச்சவரம்பு கட்டியிருக்கிறது. யாருக்காகக் கட்டியது? மாதம் பல லட்சம் வாங்கும் மானேஜருக்கும் அதே 2,500; கோடி கோடியாகச் சம்பாதிக்கும் டைரக்டருக்கும் அதே 2,500! அதோடு 2022 ஏப்ரலில் தமிழ்நாடெங்கும் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்குக்கூட 25 சதவிகிதம் ஏறியது. ஓசூர் 2019ல் மாநகராட்சி ஆயிற்று. பெயர் பெரிதாயிற்று, வரி பெரிதாயிற்று. வசதி?

இரண்டாவது, கம்பெனிகள் கொடுக்கச் சட்டமே இருக்கிறது. 2013ம் வருஷக் கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவு என்ன சொல்கிறது? வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் லாபம், அல்லது 1,000 கோடி வியாபாரம், அல்லது 500 கோடி சொத்து மதிப்புள்ள கம்பெனி, முந்திய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். கம்பெனி எங்கே நடக்கிறதோ அந்த வட்டாரத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சியும் அதன் பட்டியலில் இருக்கிறது. ஓசூரில் மொபெட் செய்கிறோம், லாரி செய்கிறோம், கைக்கடிகாரம் செய்கிறோம், உலகத்தின் விலையுயர்ந்த செல்போனுக்கு உறுப்புகள் செய்கிறோம். செய்பவர்கள் நாம். இந்த 2 சதவிகிதம் முதலாளியின் தர்மம் அல்ல. நம் உழைப்பில் பிறந்த லாபத்தின் ஒரு துணுக்கு. வாசலில் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு நிழற்குடையும் பூச்செடியும் வைத்துவிட்டுக் கணக்குக் காட்டினால் போதுமா? அந்தப் பணம் எங்கே போகிறது என்று யூனியன்கள் கேட்க வேண்டும்.

மூன்றாவது, குவாரிப் பணம். சுரங்கச் சட்டத்தை 2015ல் திருத்தி, ஜில்லா கனிம நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். கனிமம் வெட்டுபவர்கள் கட்டும் பணம் அது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்கும் செலவிட வேண்டிய பணம். குவாரிக் குழியில் மகனைப் பறிகொடுத்த தாயைவிடப் பாதிக்கப்பட்டவர் யார்? குழியை மூட, வேலி போட, கிராமத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்க அந்த நிதியை எடு என்று கேட்பது பிச்சையா?

நான்காவது, பார்லிமெண்டு மெம்பருக்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி வளர்ச்சி நிதி இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கும் தனி நிதி இருக்கிறது. தொழிலாளியும் முதலாளியும் சர்க்காரும் சேர்ந்து கட்டும் தொழிலாளர் நல நிதி, 1972ம் வருஷச் சட்டப்படி இருக்கிறது. ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம்: செலவில் மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் முதலில் கட்ட வேண்டுமாம். பணக்காரத் தெரு சீக்கிரம் கட்டும், வசதியும் சீக்கிரம் வரும். கூலிக்காரன் தெரு கட்ட முடியாது, வசதியும் வராது! இந்தத் திட்டத்தில்தான் குளம் கட்டுவோம் என்றால், அந்த மூன்றில் ஒரு பங்கைக் கம்பெனிகள் கட்டட்டும். நம் பங்கை ஏற்கெனவே வரியாகவும் வியர்வையாகவும் கட்டிவிட்டோம்.

பணம் இல்லாமல் இல்லை. மனம்தான் இல்லை. 1995ல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் வேளச்சேரியில் பெரிய நீச்சல் குள வளாகமே எழும்பியது. நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. விருந்தாளிக்கு எழும்பும் குளம், ஊர்ப் பிள்ளைக்கு ஏன் எழும்பக்கூடாது?

வியன்னாத் தொழிலாளி கட்டிய குளம்

இப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம்.

ஆஸ்திரியாவின் தலைநகரம் வியன்னா. முதல் உலக யுத்தத்தில் தோற்று, பஞ்சத்திலும் காசநோயிலும் நொந்து கிடந்த நகரம். யுத்தத்துக்குப் பின் அந்த நகரசபை தொழிலாளர்களின் வோட்டால் சோஷல் டெமாக்ரட்டுகள் கைக்கு வந்தது. அவர்களோடு நமக்கு ஆயிரம் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். நகரசபையின் நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னர் என்பவர். அவர் சொகுசுக் கார் மேல் வரி போட்டார்; பந்தயக் குதிரை மேல் வரி போட்டார்; வீட்டு வேலைக்கு ஆள் மேல் ஆள் வைத்திருக்கும் சீமான்கள் மேல் வரி போட்டார்; பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, சின்ன வீட்டுக்குச் சின்ன வரி போட்டார். அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. செங்கல் சூளைத் தொழிலாளர்கள் நிறைந்த பவோரிட்டன் பகுதியில் 1926ல் அமாலியன்பாத் என்ற பிரம்மாண்டமான பொதுக் குளிப்பகமும் நீச்சல் குளமும் திறக்கப்பட்டன. அமாலி பியோல்சர் என்ற பெண் நகரசபை உறுப்பினரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். எந்த ராஜாவின் பெயரையும் வைக்கவில்லை.

வீட்டில் குளியலறை என்பதையே அறியாத தொழிலாளிக் குடும்பங்கள் அங்கே வெந்நீரில் குளித்தன, குழந்தைகள் நீந்தினார்கள். “தொழிலாளிக்கு அரண்மனையா?” என்று சீமான்கள் அன்றும் சிரித்தார்கள். 1934 பிப்ரவரியில் பாசிஸ்டுகள் பீரங்கி வைத்துத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுட்டார்கள், நகரசபையைக் கலைத்தார்கள். ஆனாலும் அந்தக் குளிப்பகம் இன்றும் வியன்னாவில் நிற்கிறது!

யுத்தத்தில் தோற்ற, பசித்த நகரம் நூறு வருஷத்துக்கு முன் கட்டியதை, ஏற்றுமதியில் மார்தட்டும் ஓசூரால் இன்று கட்ட முடியாதா?

டெண்டர் விட்டால் குளம் யாருடையது?

“சரி, கட்டலாம். ஆனால் நடத்துவதைத் தனியாருக்கு விட்டுவிடுவோம்” என்பார்கள். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும் தோழர்களே!

நிலம் ஜனங்களுடையது, கட்டிய பணம் ஜனங்களுடையது, வசூல் மட்டும் காண்ட்ராக்டருடையது என்றால், முதல் வருஷம் கட்டணம் சிறிதாக இருக்கும். இரண்டாம் வருஷம் ஏறும். மூன்றாம் வருஷம் மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் என்று பலகை தொங்கும். உயிர் காக்கும் ஆளைக் குறைப்பான், குளோரினைக் குறைப்பான். லாபம் வேறெங்கிருந்து வரும்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தண்ணீரில் ஜாதி பார்க்கும் நாடு இது. 1923ல் பம்பாய்ச் சட்டசபை, பொது நீர்நிலைகள் தீண்டப்படாதவர்களுக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. மகாட் நகரசபையும் அதை ஏற்றது. ஆனால் காகிதத்தில் திறந்த குளம் கரையில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20ம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அதற்காக அந்த மக்கள் அடி வாங்கினார்கள். வெகு காலத்துக்கு முந்திய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்து ஜள்காவ் ஜில்லாவில், கிணற்றில் நீந்தினார்கள் என்பதற்காக தலித் சிறுவர்களை நிர்வாணமாக்கி அடித்தார்கள். வெள்ளைக்காரன் தன் பங்குக்கு பம்பாயில் பிரீச் கேண்டி நீச்சல் குளத்தில், சுதந்திரம் வந்து பல வருஷம் ஆன பின்னும் இந்தியரை விடாமல் வைத்திருந்தான்.

நமது அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சர்க்கார் பணத்தில் நடக்கும் கிணறு, குளம், படித்துறை எதிலும் மதம், இனம், ஜாதி, ஆண் பெண் என்ற பேதம், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது. ‘பிறந்த இடம்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்திருக்கும் தொழிலாளியும் இதில் அடக்கம். தெலுங்கு பேசும் கூலிக்காரரும் கன்னடம் பேசும் கூலிக்காரரும் அடக்கம். சந்தா கிளப்பில் இந்தச் சட்டத்தைக் காட்டி நுழைய முடியுமா? பொதுக் குளம் பொதுவிலேயே இருக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

பெண்களுக்கு எதற்கு?

“ஆம்பிளைப் பசங்களுக்குச் சரி, பெண்களுக்கு எதற்கு நீச்சல்?” என்று கேட்பவர்கள் நம் அணியிலும் இருக்கிறார்கள். ஏரியில் துணி துவைக்கப் போன இடத்தில் பிள்ளை வழுக்கி விழுகிறது. தாய் குதிக்கிறாள். தாயைக் காப்பாற்ற மூத்த மகள் குதிக்கிறாள். மூன்று பிணம்! இப்படிப்பட்ட செய்தியை நீங்கள் படித்ததில்லையா? தண்ணீரோடு அதிகம் பழகுகிறவள் பெண். தண்ணீர் வித்தை தெரியாதவளும் அவள்தான். ஓசூர் ஆலைகளில் இன்று ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஷிப்டு விட்டால் விடுதி, விடுதி விட்டால் ஷிப்டு. அவர்களுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அதற்கு ஓய்வும் உல்லாசமும் வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், உடம்பு மறைத்த உடையில் நீந்த அனுமதி ஆகியவை இருந்தால் நம் சகோதரிகள் வரமாட்டார்களா?

நம் பக்கத்துத் தவறு

நாமும் நம் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். போனஸுக்குப் போராடினோம், கூலி உயர்வுக்கு மறியல் செய்தோம். அவை தலையாய போராட்டங்கள், சந்தேகமில்லை. ஆனால் குவாரியில் பிள்ளை செத்தால் மாலை வைத்தோம், அழுதோம், திரும்பினோம். நீச்சல் குளம் என்பது சீமான் வீட்டு விஷயம் என்று நாமும் நினைத்துவிட்டோம். எட்டு மணி நேர வேலை கேட்டு உயிர் கொடுத்த தொழிலாளர்கள், மீதி நேரத்தில் எட்டு மணி தூங்குவதற்கும் எட்டு மணி மனிதனாக வாழ்வதற்கும் என்று அன்றே கேட்டார்களே! அந்த மூன்றாவது எட்டு மணியை நாம் கேட்க மறந்துவிட்டோம்.

கிராமத்து விவசாயத் தொழிலாளித் தோழர்கள், “ஓசூரில் குளம் கட்டினால் எங்களுக்கென்ன?” என்று கேட்கலாம். பங்களாதேஷ் கிராமங்களைப் பாருங்கள். அங்கே சிமெண்டுக் குளம் கட்டவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் தளம் அடித்து, ஆழம் தாண்டாமல் அடைப்புக் கட்டி, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுத் தந்தார்கள். சாக்கடை கலக்காத ஒரு ஏரி, நாலு கட்டு மூங்கில், சம்பளம் வாங்கும் இரண்டு பயிற்சியாளர் போதும். நம் பஞ்சாயத்துகளால் இது முடியாதா? அதுவரை ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: யாராவது மூழ்கினால் நீங்கள் குதிக்காதீர்கள், கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிட்டு, கயிறோ சேலையோ மூடிய காலி பிளாஸ்டிக் கேனோ எறியுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. ஓசூரில் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் பொது நீச்சல் குளம் கட்டு! கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர் போய் நீந்து என்று சொல்லாதே.

2. மாநகராட்சியும் சர்க்காரும் கட்டி, தாமே நடத்த வேண்டும். குத்தகைக்கு விடாதே!

3. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் பள்ளி நேரத்திலேயே நீச்சல் வகுப்பு. மணிக்கு 30 பேராக ஒரு நாளைக்கு நாலு வகுப்பு நடந்தால் 120 பிள்ளைகள். ஒரு மாதத்துக்கொரு குழு வீதம் பத்து மாதத்தில் 1,200 பிள்ளைகள் ஒரே குளத்தில் கற்றுவிடலாம்.

4. மூன்று ஷிப்டுத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும்படி விடியற்காலையிலும் இரவிலும் திறந்து வை. பெண்களுக்குத் தினமும் தனி நேரம் ஒதுக்கு.

5. உயிர் காப்பவரும் பயிற்சியாளரும் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். மின்சாரத்துக்கும் குளோரினுக்கும் சம்பளத்துக்கும் ஒவ்வொரு வருஷ பட்ஜெட்டிலும் தனித் தொகை ஒதுக்கு. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் மிஞ்சுகிற வறண்ட குளம் நமக்கு வேண்டாம்.

6. கைவிட்ட குவாரிகளுக்கு வேலி போடு, மூடக்கூடியதை மூடு. செலவை வெட்டியவனிடமும் கனிம நிதியிலும் எடு.

7. வரவு செலவுக் கணக்கை வருஷந்தோறும் ஜனங்கள் முன் வை.

தோழர்களே! இதை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். மகாடில் தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. மக்கள் நடந்து போனபோதுதான் குளத்தின் கரை அதிர்ந்தது. யூனியன் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஆலை வாசலில் கையெழுத்து வாங்குங்கள். மாநகராட்சிப் பகுதி சபாக்களில் எழுந்து பேசுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் மே தினத்திலும் கிராம சபை கூடுகிறது. விவசாயத் தொழிலாளர்கள் அங்கே போய்த் தீர்மானத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

“இந்த வெயிலுக்கு அவன் எங்கேதான் போவான்?” என்று அந்தத் தாய் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் நிற்கிறது. அதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பதில் கட்டியாக வேண்டும். 25 மீட்டர் நீளத்தில், பன்னிரண்டரை மீட்டர் அகலத்தில், ஓசூர் நகரத்தின் நடுவே, வாசலில் காவல்காரன் தடுக்காத ஒரு பதில்!

கேட்போம்! கட்ட வைப்போம்! நம் பிள்ளைகளைக் கரை சேர்ப்போம்!